மெய்நிகர் ஆய்வுகூடங்களின் வளர்ச்சியும் மாவனல்லைத் தோட்டப்புற மாணவரும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சட்டங்களையும், ஆணைக்குழு அறிக்கைகளையும், பாடசாலைகளின் எண்ணிக்கையையும் ஆதாரமாகக் கொள்வர். எழுத்தறிவு எவ்வாறு பரவிற்று என்பதை அறிய இவை போதியனவாக இருக்கலாம். ஆயின் விஞ்ஞானக் கல்வியைப் பொறுத்தவரை இன்னொரு வினாவும் எழுகின்றது. பாடநூலில் படித்ததைத் தன் கையாற் செய்து பார்க்கும் வாய்ப்பு எவருக்குக் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அவ்வினா. ஆய்வுகூடத்தின் வரலாறு ஒருவகையில் இவ்வினாவிற்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு எனலாம்.

அண்மைக் காலத்தில் இவ்வினாவிற்குப் புதியதொரு விடை முன்வைக்கப்படுகின்றது. இணையவழிக் கல்வியின் பொருட்டு, முகிற் கணிமையின் துணைகொண்டு அமைக்கப்படும் மெய்நிகர் ஆய்வுகூடமே அது. கட்டடமும் கருவிகளும் இல்லாத பாடசாலையிற் பயிலும் மாணவனும், தொலைவிலுள்ள கணினியொன்றில் இயங்கும் பரிசோதனையைத் தன் கைபேசித் திரையிற் செய்து பார்க்கலாம் என்பது இதன் கருத்து. இக்கருத்து எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், கேகாலை மாவட்டத்து மாவனல்லை போன்றதொரு பகுதியின் தோட்டப்புற மாணவருக்கு அது எதனை அளிக்கக்கூடும், எதனை அளிக்கமாட்டாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுகூடம் கற்பிக்கும் இடமானமை

ஆய்வுகூடம் தொடக்கத்திலேயே மாணவருக்குரிய இடமாக இருந்ததில்லை. ஐரோப்பாவிற் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலும் அது அறிஞரின் அல்லது செல்வரின் தனியறையாகவே இருந்தது. ஆசிரியர் மேடையிற் செய்துகாட்டுவார். மாணவர் இருக்கைகளிலிருந்து பார்ப்பர். இந்நிலை மாறியமைக்குப் பெரிதும் காரணராகக் கருதப்படுபவர் ஜெர்மானிய இரசாயன அறிஞரான யுஸ்டுஸ் லீபிக் ஆவார். 1824இல் கீசன் பல்கலைக்கழகத்திற் பதவியேற்ற அவர், மாணவர் ஒவ்வொருவரும் தாமே பகுப்பாய்வு செய்து பயிலும் முறையை அங்கு நிலைபெறச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏனைய நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. விஞ்ஞானம் என்பது கேட்டறிவதன்று, செய்தறிவது என்னும் கொள்கை இதன் பின்னரே கல்விக்கூடங்களில் வேரூன்றிற்று.

இலங்கைத் தமிழர் மத்தியில் மேலைத்தேய விஞ்ஞானம் அறிமுகமான வரலாறும் இக்காலத்தையே சார்ந்தது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1855இல் மூடப்படும்வரை கணிதமும் வானியலும் கற்பித்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியை அளித்ததோடு, அதனைத் தமிழிலேயே அளிக்கவும் முற்பட்டார். உடலமைப்பியல், இரசாயனவியல் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கியும் கலைச்சொற்களை வகுத்தும் அவர் ஆற்றிய பணி நன்கு அறியப்பட்டதே. ஈண்டு நாம் கவனிக்கவேண்டுவது யாதெனின், விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சியும் அதனைச் செய்முறையாகக் கற்பிக்கும் முயற்சியும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன என்பதாகும். நோயாளியின் அருகில் நின்று பயின்ற மாணவனுக்கு, அவன் காண்பதன் பெயர் அவன் மொழியிலேயே வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் உயர்கல்வி கொழும்பை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1870இல் மருத்துவப் பாடசாலையும், 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பாடசாலை மட்டத்தில், நன்கமைந்த ஆய்வுகூடங்கள் நகர்ப்புறத்துக் கட்டணம் அறவிடும் ஆங்கிலக் கல்லூரிகளிலேயே பெரும்பாலும் இருந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், நாடெங்கும் அமைக்கப்பட்ட மத்திய பாடசாலைகளும் இந்நிலையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றின. கிராமத்துப் பிள்ளைக்கும் ஆய்வுகூடக் கதவு திறந்தது. ஆயினும் அக்கதவு எல்லாருக்கும் ஒரே காலத்தில் திறக்கவில்லை.

மாவனல்லையும் அதன் தோட்டப்புறமும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில், கடுகண்ணாவைக் கணவாயின் அடிவாரத்தை அணுகுமிடத்தில் மாவனல்லை அமைந்துள்ளது. 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், படை நடத்தும் தேவை கருதி 1820களில் இத்தெருவை அமைத்தனர். மகா ஓயாவுக்குக் குறுக்கே 1833இற் கட்டப்பட்ட வளைவுப் பாலம் இன்றும் நகரின் அடையாளமாக விளங்குகின்றது. படையினர் நடந்த அதே தெருவிற் பின்னர் கோப்பி மூட்டைகள் இறங்கின. அதற்கும் பின்னர் தேயிலையும் இறப்பரும் இறங்கின. கோப்பியின் நலங்கருதி அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1867இற் கண்டியை அடைந்தபோது, அது மாவனல்லையைத் தொடாது றம்புக்கணை வழியே சென்றது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளை மனத்திற் கொண்டு இவற்றுள் எதுவும் அமைக்கப்படவில்லை. வணிகமும் ஆட்சியும் தம் தேவைக்காக அமைத்தவற்றைக் கல்வி பின்னரே பயன்படுத்திக்கொண்டது. முகிற் கணிமையின் வரலாற்றிலும் இதனையே நாம் காணப்போகின்றோம்.

சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் வாழும் தோட்டத் தமிழரின் நிலை நுவரெலியா மாவட்டத்தவரின் நிலையினின்றும் வேறுபட்டது. அங்கு அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். இங்கோ இறப்பர், தேயிலைத் தோட்டங்களிற் சிதறி, சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தொகுதிகளாக வாழ்கின்றனர். சிதறி வாழ்வோரின் பாடசாலைகளும் சிறியனவாகவே அமையும். மாணவர் தொகை குறைவாயின் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறையின் உயர் வகுப்புகள் இரா. உயர் வகுப்புகள் இல்லாதவிடத்து ஆய்வுகூடத்திற்கான தேவையே எழுவதில்லை. இச்சங்கிலித் தொடரே இப்பகுதியின் கல்விப் பிரச்சினையின் அடிப்படை எனக் கொள்ளலாம்.

இதற்கொரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட உரிமையாளருக்குத் தொழிலாளரின் பிள்ளைகளது கல்வி பற்றிய கடப்பாட்டினை விதித்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் பல்லாண்டுகளாக ஓராசிரியரைக் கொண்ட கீழ்நிலைப் பாடசாலைகளாகவே இருந்தன. ஐந்தாம் வகுப்பிற்கு மேல் அவை செல்வது அரிது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் அரசியற் குரலையும் பறித்தது. 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோது தோட்டப் பாடசாலைகள் அவ்வேற்பாட்டிற்கு வெளியிலேயே நின்றன. 1972இலும் 1975இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுக்கு உரியனவாயின. அதன் பின்னரே இப்பாடசாலைகளும் கட்டங்கட்டமாக அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. 1980களில் ஸ்வீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. நாடு இலவசக் கல்வியைப் பெற்று ஒரு தலைமுறைக் காலம் கழிந்த பின்னரே தோட்டப் பிள்ளை அதன் வாயிலுக்கு வந்தது என்பது இதனாற் புலனாகும்.

மாவனல்லை நகரைப் பொறுத்தவரை, தமிழ்மொழி மூலக் கல்வியின் முதன்மை நிலையங்களாக விளங்குவன சாஹிராக் கல்லூரி முதலிய முஸ்லிம் பாடசாலைகளே. சுற்றுப்புறத் தோட்டங்களிற் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரத்தைக் கடந்து, உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ தமிழிற் பயில விரும்பும் மாணவர் நகரை நோக்கியோ, கண்டியை நோக்கியோ, உறவினர் வீடுகளை நோக்கியோ செல்ல வேண்டியவராகின்றனர். அவ்வாறு செல்ல இயலாதவர் கலைப் பிரிவைத் தெரிவு செய்கின்றனர். தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவருட் பலர் கலைப்பீடத்தினராக இருப்பதற்குக் கலையின்பாற் கொண்ட நாட்டம் மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆய்வுகூடம் இல்லாமையும் ஒரு காரணமாகும்.

பெட்டிக்குள் அடங்கிய ஆய்வுகூடம்

மாணவன் ஆய்வுகூடத்திற்குச் செல்ல இயலாவிடின், ஆய்வுகூடத்தை மாணவனிடம் கொண்டுசெல்ல இயலுமா? தொலைக்கல்வி இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு சுவையானது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளிவாரி மாணவருக்குத் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. இலங்கையிலும் பல தலைமுறையினர் இவ்வழியே பட்டம் பெற்றனர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரும் இலண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். நூலைத் தபாலில் அனுப்பலாம். ஆய்வுகூடத்தை எவ்வாறு அனுப்புவது?

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் இதற்கு ஒரு விடை கண்டது. 1969இற் சாசனம் பெற்று 1971இற் கற்பித்தலைத் தொடங்கிய அந்நிறுவனம், விஞ்ஞான மாணவரின் வீடுகளுக்கே பரிசோதனைப் பெட்டிகளை அனுப்பிற்று. இரசாயனப் பொருள்களும், அளவு கருவிகளும், பிளாத்திக்கினாலான சிறியதொரு நுணுக்குக்காட்டியும் அவற்றுள் அடங்கியிருந்தன. சமையலறை மேசையே ஆய்வுகூடமாயிற்று. வானொலியும் தொலைக்காட்சியும் விரிவுரை மண்டபமாயின. கோடைக்காலத்தில் மாணவர் சில நாட்கள் ஓரிடத்திற் கூடி உண்மையான ஆய்வுகூடத்தில் வேலை செய்தனர்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நாவலையில் நிறுவப்பட்டபோது இவ்வனுபவம் அதற்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆயின் வீடுதோறும் பெட்டி அனுப்புதல் வறிய நாடொன்றுக்கு எளிதன்று. எனவே அச்சிட்ட பாடநூல் வீட்டிற்கும், செய்முறைப் பயிற்சி நிலையங்களுக்கும் என்னும் பிரிவினை இங்கு ஏற்பட்டது. செய்முறைக்காக மாணவர் குறித்த நாள்களிற் பயணம் செய்தனர். தொலைக்கல்வியில் தொலைவு முற்றாக நீங்கவில்லை. ஆய்வுகூடம் என்னும் ஒரு புள்ளியில் அது எஞ்சி நின்றது.

கணினி பொதுப்பயன் சேவையானமை

எஞ்சிய இத்தொலைவைக் கடக்கும் வழி கணினித் துறையிலிருந்து வந்தது. 1960இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் முதலியோர் தொடங்கிய பிளேட்டோ என்னும் திட்டம், ஒரு மையக் கணினியுடன் பல முனையங்களை இணைத்துப் பாடங்களைக் கற்பித்தது. 1961இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜோன் மக்கார்த்தி, தொலைபேசியைப் போன்று கணிமையும் ஒருநாள் பொதுப்பயன் சேவையாக அமையக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். மின்சாரம் வேண்டுவோர் வீடுதோறும் மின்னிலையம் அமைப்பதில்லை. ஆழியை அழுத்திப் பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். கணிமையும் அவ்வாறே வழங்கப்படலாம் என்பதே இதன் சாரம்.

இக்கருத்து நடைமுறைக்கு வரச் சில தொழில்நுட்பங்கள் தேவைப்பட்டன. அவற்றுள் முதன்மையானது ஒரு கணினியைப் பல கணினிகள் போல் இயங்கச் செய்யும் முறையாகும். ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் வெளியிட்ட வி.எம். 370 என்னும் தொகுதி இதனை வணிக அடிப்படையிற் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டிற்று. ஒருவர் தம் பங்கில் எதனைச் செய்யினும் மற்றவரின் பங்கு பாதிக்கப்படாது. இதனோடு இணையம் சேர்ந்தபோது, அக்கணினி எங்கிருக்கின்றது என்பதும் முக்கியமற்றதாயிற்று. பொறியியலாளர் தம் வரைபடங்களில் இணைய வலையமைப்பை முகில் வடிவிற் குறிப்பது வழக்கம். முகிற் கணிமை என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது. நூல் வாணிபத்தில் தொடங்கிய அமேசன் நிறுவனம் 2006இல் தன் கணினிகளைப் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியமை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். கோப்பிக்காக வெட்டப்பட்ட தெருவிற் பாடசாலைப் பிள்ளைகளும் நடந்ததுபோல, வணிகத்திற்காக அமைக்கப்பட்ட இக்கணினிகளிற் கல்வியும் இடம்பெறலாயிற்று.

கல்விக்கு இதனால் விளைந்த நன்மையை எளிதில் விளக்கலாம். ஒரு பாடசாலையின் கணினி அறை பரீட்சைக் காலத்தில் நெருக்கடியாகவும், விடுமுறையில் வெறுமையாகவும் இருக்கும். ஆயினும் நெருக்கடி நாளைக் கருத்திற் கொண்டே கருவிகளை வாங்க வேண்டும். முகிற் கணிமையில் தேவை கூடும்போது கூடிய வலுவும், குறையும்போது குறைந்த வலுவும் பெறப்படும். பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும் ஓரிடத்திலேயே நிகழும். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் 2004இலேயே இவ்வடிப்படையில் மெய்நிகர்க் கணினி ஆய்வுகூடமொன்றை அமைத்து, மாணவர் எங்கிருந்தும் தமக்கு வேண்டிய மென்பொருளைப் பயன்படுத்த வழிசெய்தது.

மூவகை ஆய்வுகூடங்கள்

இன்று மெய்நிகர் ஆய்வுகூடம் என்னும் பெயரால் வழங்குவனவற்றை மூன்றாக வகுத்து நோக்குதல் தெளிவு தரும்.

முதலாவது, மேற்கூறிய வட கரோலைனா வகை. கணினியே பாடமாக உள்ள துறைகளுக்கு இது பொருந்தும். இங்குப் பரிசோதனை உண்மையானதே. கருவி மட்டும் தொலைவில் உள்ளது.

இரண்டாவது, தொலைவிலுள்ள உண்மைக் கருவியை இணையத்தின் வழியே இயக்கும் வகை. மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1998இல் ஹெசூஸ் டெல் அலாமோ தொடங்கிய ஆய்வுகூடம் இதற்குத் தக்க சான்று. மாணவன் திரையில் அளவுகளைக் குறித்து அனுப்புவான். பொஸ்டன் நகருக்கு அருகேயுள்ள கருவி உண்மையான திரான்சிற்றரை அளந்து பெறுபேற்றைத் திருப்பியனுப்பும். அளவீட்டிற்குச் சில கணங்களே செல்லுமாதலால் ஒரே கருவி மிகப் பலருக்குப் பயன்பட்டது. பின்னர் உகண்டாவின் மக்கரேரே, நைஜீரியாவின் ஒபாபெமி அவலோவோ, தன்சானியாவின் தாருஸ்சலாம் ஆகிய பல்கலைக்கழகங்களும் இம்முயற்சியில் இணைந்தன. அப்பல்கலைக்கழகங்கள் பிறர் கருவியைப் பயன்படுத்தியதோடு அமையாது தமக்கு வேண்டிய ஆய்வுகூடங்களைத் தாமே அமைக்கவும் முற்பட்டமை நமது கவனத்திற்குரியது.

மூன்றாவது, பரிசோதனையைக் கணித்துக் காட்டும் பாவனை வகை. நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் திட்டம் உலகெங்கும் அறியப்பட்டது. அதன் பாவனைகள் தமிழுட்படப் பல மொழிகளில் ஆக்கப்பட்டுள்ளன. அயலில் நோக்கின், இந்திய அரசு 2009இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசியத் திட்டத்தின் கீழ் மெய்நிகர் ஆய்வுகூடங்கள் அமைக்கப்பட்டன. டில்லி இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில், சென்னை, பம்பாய், கான்பூர், கரக்பூர் முதலிய இடங்களிலுள்ள அதன் சகோதர நிறுவனங்களும், ஹைதராபாத் நிறுவனமும், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தப் பல்கலைக்கழகமும், ஏனைய சிலவுமாகப் பன்னிரு நிறுவனங்கள் இப்பணியைப் பகிர்ந்துகொண்டன. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் இதன்வழி உருவாகின. கருவியும் ஆசிரியரும் குறைந்த சிறு கல்லூரிகளை மனத்திற் கொண்டே இத்திட்டம் வகுக்கப்பட்டது.

இலங்கையின் அனுபவம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களைக் கணினி வலையமைப்பால் இணைக்கும் லேர்ன் என்னும் முயற்சி 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சலுடன் தொடங்கி, 1990களின் நடுப்பகுதியில் இணைய வலையமைப்பாக வளர்ந்தது. கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் முதலில் இணைக்கப்பட்டன. நாட்டின் இணைய வரலாற்றிற் கல்வி நிறுவனங்களே முன்னோடிகளாக இருந்தன என்பது பலரும் மறந்த செய்தி. பாடசாலை மட்டத்திற் கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளம் மும்மொழிகளிலும் பாடங்களை வழங்கி வருகின்றது. கிராமங்களிற் கணினி வசதியளிக்க 2000களின் நடுப்பகுதியில் நெனசல நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2012இல் தொடங்கிய திட்டத்தின்வழி ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளுக்கு மகிந்தோதய தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் வழங்கப்படலாயின.

இவ்வேற்பாடுகள் அனைத்தையும் சோதித்தது 2020ஆம் ஆண்டு. கொவிட் தொற்றினால் அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பல்கலைக்கழக மாணவர் லேர்ன் வலையமைப்பின்வழி விரிவுரைகளைப் பின்பற்றவும், பல்கலைக்கழகச் சேவையகங்களை அணுகும்போது தரவுக் கட்டணம் அறவிடப்படாதிருக்கவும் ஒழுங்குகள் செய்யப்பட்டன. தொழில்நுட்பம் எதுவென்பதைவிட அதன் கட்டணத்தை எவர் செலுத்துகின்றார் என்பதே முக்கியமானது என்னும் உண்மையை இவ்வொழுங்கு தெளிவாகக் காட்டிற்று. பாடசாலை மாணவரின் நிலையோ வேறு. மலைநாட்டிற் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மேட்டு நிலங்களிலும் மரக்கிளைகளிலும் ஏறியிருந்து படித்த காட்சிகளை நாடறியும். ஒரு வீட்டின் ஒரே கைபேசி, வேலைக்குச் செல்லும் தந்தையிடம் இருப்பின் அன்று அவ்வீட்டிற் பாடசாலை இல்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. முகிலில் உள்ள ஆய்வுகூடம் அழியாதிருந்தும், அதனைக் காணும் திரை இருண்டது. மேல் மாகாணத்தில் அச்சுக் காகிதத் தட்டுப்பாட்டினாற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமையையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். காகிதமும் மின்சாரமும் ஆகிய இரண்டும் ஒருங்கே அரிதான காலத்திற் புதிய முறை பழைய முறையினின்றும் அதிக பாதுகாப்புடையது என்றோ, குறைந்த பாதுகாப்புடையது என்றோ பொதுப்படக் கூறிவிடல் இயலாது.

மதிப்பீடு

மெய்நிகர் ஆய்வுகூடம் வெறும் பொம்மை என்பாரும் உளர். அதுவே எல்லாப் பிணிக்கும் மருந்து என்பாரும் உளர். இரு கூற்றும் முழுமையானவையல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தவர் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாவனையின் மூலம் மின்சுற்றுப் பயின்ற மாணவர், உண்மைக் கருவிகளிற் பயின்றவரைவிடக் கருத்தினை நன்கு விளங்கியதோடு உண்மையான சுற்றினை அமைப்பதிலும் சிறந்து விளங்கினர் எனக் கண்டனர். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்ணாற் காண இயலாது; பாவனை அதனைக் காட்டுகின்றது. இது அதன் பலம். ஆனால் நியமிப்பின்போது கைநடுங்கி ஒரு துளி கூடுதலாக விழுவதும், அளவியின் வாசிப்பில் வழு நேர்வதும், மூன்று முறை செய்து மூன்று விடை பெறுவதும் உண்மை ஆய்வுகூடத்திற்கே உரியவை. அவற்றைக் கடந்து வருதலே விஞ்ஞானப் பயிற்சி. உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதி செய்முறை அனுபவத்தையே பெரிதும் வினாவுகின்றது. கருவியைத் தொட்டறியாத மாணவன் அதற்கு மனனம் செய்த விடையை எழுதுகின்றான். பாவனை அவனை மனனத்திலிருந்து ஓரடி முன்னே கொண்டுவரும். முழுத் தொலைவும் கொண்டுவராது.

அடுத்தது மொழி. தமிழகத்து மாணவன் இயற்பியலும் வேதியியலும் பயில, நாம் பௌதிகவியலும் இரசாயனவியலும் பயில்கின்றோம். அவர்தம் ஆக்சிஜன் நமக்கு ஒட்சிசன். அவர்தம் வோல்ட்மீட்டர் நமக்கு உவோற்றுமானி. அவர் தரம்பார்ப்பதை நாம் நியமிக்கின்றோம். 1950களிலும் 1960களிலும் விஞ்ஞானக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது இந்நாட்டில் வகுக்கப்பட்ட கலைச்சொற்களே நமது பாடநூலிலும் பரீட்சையிலும் வழங்குகின்றன. பிற நாட்டில் அமைந்த தமிழ் ஆய்வுகூடமேனும் ஆசிரியரின் துணையின்றி நமது மாணவனுக்கு விளங்கிவிடும் எனக் கொள்வதற்கில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கிறீன் எதிர்கொண்ட பிரச்சினை வேறு வடிவில் மீண்டும் நம் முன் நிற்கின்றது. கலைச்சொற்களை மாற்றியமைத்தலும் விளக்கக் குறிப்பு எழுதுதலும் விஞ்ஞானபீட மாணவரும் கலைப்பீடத் தமிழ் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, இணைப்பு அறுந்தாலும் இயங்கும் ஏற்பாடு வேண்டும். பெட் முதலிய பாவனைகள் பலவற்றை ஒருமுறை இறக்கிப் பாடசாலைக் கணினியிற் பதிந்துகொண்டால், பின்னர் இணையமின்றியே இயக்கலாம். பெரிய முகிலிலிருந்து பெறுவதைச் சிறியதொரு குடத்தில் நிரப்பி வைத்தல் போன்றது இது. லேர்ன் வலையமைப்பின் செயலகம் பேராதனையில் உள்ளது. பேராதனைக்கும் மாவனல்லைக்குமிடையே கடுகண்ணாவைக் கணவாய் ஒன்றே உளது. பல்கலைக்கழகச் சேவையகத்தில் இடம்பெறும் பாவனைகளைத் தோட்டப்புறப் பாடசாலைகளும் கட்டணமின்றிப் பெற வழிசெய்தல், 2020இற் பல்கலைக்கழக மாணவருக்குச் செய்யப்பட்ட ஒழுங்கின் நேரிய நீட்சியாகவே அமையும்.

இறுதியாக, தோட்டப்புறத்தில் ஆய்வுகூடமே இல்லை எனக் கூறும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகின்றோம். தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் தட்டருகே ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொங்குகின்றன. அரைத்த கொழுந்து செந்நிறம் பெறுவது ஒட்சியேற்றத்தினால். இறப்பர்ப்பாலின் அடர்த்தியை மெட்ரோலாக் என்னும் மிதவைமானியால் அளந்தே அதிலுள்ள உலர் இறப்பரின் அளவைக் கணிக்கின்றனர். போமிக்கமிலம் சேர்த்து அதனை உறையச் செய்கின்றனர். மின்பகுப்புப் பரிசோதனையின் மின்வாயாக அமையும் காரீயம் கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்திற் கிடைக்கின்றது. இக்கருவிகளையும் பொருள்களையும் நாள்தோறும் கையாள்வோர் அம்மாணவரின் பெற்றோரே. ஆயின் பாடசாலையின் விஞ்ஞானமும் தொழிற்சாலையின் விஞ்ஞானமும் ஒன்றென்பதை எவரும் அப்பிள்ளைக்குச் சொல்வதில்லை. தாயும் தந்தையும் செய்யும் வேலை கூலி வேலையாக மட்டுமே அவனுக்குக் காட்டப்பட்டுள்ளது. திரையிற் பாவனையாகக் கண்டதைத் தொழிற்சாலையில் உண்மையாகக் காணவும், அங்குக் கண்டதைத் திரையிற் கணித்து விளங்கவும் வழிசெய்யும் ஆசிரியர் ஒருவர் அமைவாராயின், இரண்டின் குறையும் ஓரளவு நீங்கும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. லீபிக்கின் அறையிலிருந்து மத்திய பாடசாலைக்கும், பரிசோதனைப் பெட்டிக்கும், முகிலுக்கும் ஆய்வுகூடம் பெயர்ந்துவந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதனைப் பெற்றோர் தொகை பெருகியது. ஆயினும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாரார் வெளியே நிறுத்தப்பட்டனர். வெளியே நின்றவர் உள்ளே வந்தது கருவியின் சிறப்பினால் மட்டுமன்று. சட்டமும், செலவும், மொழியும், ஆசிரியரும் அவர்களை நோக்கித் திரும்பியபோதே அது நிகழ்ந்தது. தோட்டப்புற மாணவன் இலவசக் கல்வியை ஒரு தலைமுறை பிந்திப் பெற்றான். மெய்நிகர் ஆய்வுகூடத்தையும் அவன் ஒரு தலைமுறை பிந்திப் பெறுவானா என்பது முகிலினாலன்று, நிலத்தில் நாம் செய்யும் ஏற்பாடுகளினாலேயே தீர்மானிக்கப்படும். உண்மை ஆய்வுகூடங்களைக் கேட்பதைக் கைவிடாமலும், கைக்கு எட்டுவதைப் புறக்கணிக்காமலும் செயற்படுதலே இன்று நம்முன் உள்ள கடமையாகும். பல்கலைக்கழகம் புகுந்த நம்மிற் சிலரேனும் விடுமுறைக்குத் தம் ஊர் செல்லும்போது, இயங்கும் பாவனைகள் சிலவற்றைத் தம் பழைய பாடசாலையின் கணினியிற் பதிந்து கொடுத்துவிட்டு வருவார்களாயின், அது இவ்வரலாற்றின் அடுத்த பக்கத்தின் முதல் வரியாக அமையும்.